ரோபோ கையுறை போட்டால் மதமதப்பு போகுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 18 வருடமாக ஓவர்லாக் டெய்லர். ஆறேழு மாதமாக வலது கை ராத்திரியில் மதமதவென்று மரத்துப் போகிறது. 2 மணி வாக்கில் விழிப்பு வந்து, எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் சரியாகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் ஊசி குத்துவதுபோல இருக்கிறது. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. இப்போது ஊசியில் நூல் கோக்கவும் பூக் கட்டவும் தடுமாறுகிறேன். 5 வருடமாக சுகர் இருக்கிறது. நரம்பு டெஸ்ட் எடுத்ததில் "கார்ப்பல் டனல், மாடரேட்" என்று வந்தது. பக்கத்தில் உள்ள பிசியோதெரபி சென்டரில் ரோபோ சிகிச்சை 20 நாள், 24,000 ரூபாய், ஆபரேஷனே தேவைப்படாது என்கிறார்கள். பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்தபோது ரோபோ மெஷினில்தான் விரல் அசைய ஆரம்பித்தது. அதனால் எனக்கும் ஒரு நம்பிக்கை. மகன் ஆன்லைனில் ரோபோ கையுறை ஒன்றை வாங்கியும் விட்டான். போடலாமா டாக்டரம்மா? ஆபரேஷன் செய்தால் கை விளங்காமல் போய்விடும் என்று கம்பெனியில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். என்னை "டாக்டரம்மா" என்று அழைத்திருக்கிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். ஊசி போடுவதும் ஆபரேஷன் செய்வதும் என் வேலை இல்லை. அதற்கு முன்னும் பின்னும் கையைப் பழக்குவது என் வேலை. ரோபோ மெஷினில் சிகிச்சை தருகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். சொந்தக்காரர்களைப் பற்றி வெளியாளிடம் பேசுகிற சங்கடத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 24,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். மகன் வாங்கிய கையுறையையும் போட வேண்டாம். மெஷின் மோசம் என்று சொல்ல வரவில்லை. பெரியப்பாவின் கையில் இருந்த கோளாறு வேறு, உங்கள் கையில் இருக்கிற கோளாறு வேறு.

நீங்கள் தையல் தெரிந்தவர் என்பதால் விளக்குவது சுலபம். பாவாடை தைக்கும்போது இடுப்புப் பக்கம் துணியை மடித்துத் தைத்து, அதற்குள் நாடா கோப்போம் இல்லையா? உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் அதுமாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது. அடியில் மணிக்கட்டின் குட்டி எலும்புகள் வளைந்து வாய்க்கால்போலக் கிடக்கின்றன. மேலே விறைப்பான ஒரு பட்டை அதை மூடியிருக்கிறது. இந்தச் சுரங்கத்தைத்தான் கார்ப்பல் டனல் என்கிறார்கள். எலாஸ்டிக் மாதிரி இழுத்துக் கொடுக்கிற பட்டை இல்லை, கான்வாஸ் துணி மாதிரி. இதற்குள் 9 நாடாக்கள் ஓடுகின்றன. நான்கு விரல்களுக்கு விரலுக்கு இரண்டாக எட்டுத் தசைநாண்கள், கட்டைவிரலுக்கு ஒன்று. விரலை மடக்கி நீட்டும்போதெல்லாம் இவை உள்ளே முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே இருக்கும். இந்த ஒன்பதோடு பத்தாவதாக ஒரு நரம்பும் அதே மடிப்புக்குள் நெருக்கிக்கொண்டு போகிறது. மீடியன் நரம்பு என்று பெயர். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவ்வளவுக்கும் தொடு உணர்ச்சி கொடுப்பது அதுதான். கட்டைவிரலின் அடியில் இருக்கிற சதை மேட்டை வேலை செய்ய வைப்பதிலும் பெரும்பங்கு அதற்குத்தான். சுண்டுவிரலுக்குப் போகிற நரம்பு இந்த மடிப்புக்குள் நுழைவதே இல்லை. அதனால்தான் உங்கள் சுண்டுவிரல் தப்பித்தது. அதைப் பற்றி எழுதியிருந்தீர்களே ஒரு வரி, டெஸ்ட் ரிப்போர்ட்டைவிட எனக்கு அதுதான் அதிகம் சொன்னது.

இப்போது அந்த நாடாக்களைச் சுற்றியிருக்கிற சவ்வு கொஞ்சம் தடித்துவிட்டது என்று வையுங்கள். சுகர் இருப்பவர்களுக்கும், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும், கையை அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிறவர்களுக்கும் இந்தத் தொந்தரவு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மேலே உள்ள பட்டை விரிந்து கொடுக்காது, அடியில் எலும்பு. நாண்கள் கயிறுமாதிரி கெட்டியானவை, தாங்கிக்கொள்ளும். நசுங்குவது நரம்புதான்.

எவ்வளவு நசுங்கும் என்று 1981-ல் அமெரிக்காவில் மெல்லிய குழாய் ஒன்றை அந்த இடத்துக்குள் விட்டு அளந்தே பார்த்தார்கள். நல்ல கையில், மணிக்கட்டு நேராக இருக்கும்போது உள்ளே இருந்த அழுத்தம் சராசரியாக 2.5 மில்லிமீட்டர் பாதரசம். இந்தத் தொந்தரவு உள்ளவர்களின் கையில் அதுவே 32. மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கச் சொன்னபோது 94-க்கு ஏறியது. பின்பக்கமாக வளைத்தபோது 110. பி.பி. பார்க்கிற மெஷினில் 110 என்றால் எவ்வளவு இறுக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ராத்திரி 2 மணிக்கு ஏன் விழிப்பு வருகிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தூக்கத்தில் நாம் கையைக் குழந்தை மாதிரி மடக்கி, கன்னத்துக்கோ தலையணைக்கோ கீழே வைத்துக்கொள்கிறோம். மணிக்கட்டு மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கிறது. நரம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது கத்த ஆரம்பிக்கிறது. நீங்கள் எழுந்து உதறுகிறீர்கள், மணிக்கட்டு நேராகிறது, சரியாகிவிடுகிறது. "எழுந்து கையை உதறுவேன்" என்று ஒருவர் சொன்னாலே எங்களுக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்புறம், அந்த மெஷின்.

பெரியப்பாவுக்கு வந்தது மூளையில் பிரச்சினை. அவர் கையில் எலும்பு, நாண், நரம்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியேதான் இருந்திருக்கும். "மடங்கு" என்று உத்தரவு போடுகிற இடம் அடிபட்டுவிட்டது. அப்படிப்பட்டவருக்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைத்தால், மூளை வேறு வழியாக அந்த உத்தரவைப் போடக் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஒரு தெரபிஸ்ட் எத்தனை தடவைதான் இன்னொருவர் விரலை மடக்கி நீட்டுவார்? கை வலிக்கும், பத்து பேர் வெளியே காத்திருப்பார்கள். இந்த அலுப்பு மெஷினுக்குக் கிடையாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் சேர்ந்து உருவாக்கிய எம்.ஐ.டி.-மேனஸ் என்ற கருவிதான் இந்த வரிசையில் முன்னோடி. அதுவும் பக்கவாத நோயாளிகளுக்காகச் செய்ததுதான். ஆஸ்திரியாவின் அமாடியோ, இத்தாலியின் குளோரேகா என்று பிறகு வந்த விரல் மெஷின்களும் முதன்மையாக அந்த மாதிரி நோயாளிகளை மனதில் வைத்தே வந்தன. நம் ஊரிலேயே வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து புளூட்டோ என்று ஒரு கருவி செய்திருக்கிறார்கள். ஒரே மோட்டார், அதில் மாட்டுகிற கைப்பிடியை மாற்றி மாற்றி மணிக்கட்டுக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று என்று பழக்கலாம். தையல் மெஷினில் ஃபுட் மாற்றுகிற மாதிரி. அதுவும் நரம்பு மண்டலம் பாதித்த கைக்காகத்தான்.

பக்கவாதத்திலேயேகூட மெஷின் மாயம் செய்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் பக்கவாதம் வந்த 770 பேரை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. முடிவு 2019-ல் லான்செட் இதழில் வந்தது. எம்.ஐ.டி.-மேனஸ் வகை ரோபோவில் பயிற்சி பெற்றவர்களின் கை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்யவில்லை. பெரியப்பாவுக்கு நன்றாக ஆனது சந்தோஷம். ஆனால் மெஷினோடு சேர்ந்து நாட்களும் ஓடின, வீட்டில் பெரியம்மா விடாமல் கையைப் பிடித்துப் பழக்கியும் இருப்பார். பேர் என்னவோ மெஷினுக்குப் போய்விடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். உங்கள் விரல்கள் மடங்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பீஸ் அவற்றின் வழியாகப் போகிறது! அசைவு போதாத கை இல்லை உங்களுடையது, அசைந்து அசைந்தே களைத்த கை. நாடா மடிப்பு இறுகிக் கிடக்கும்போது நாடாவை இன்னும் வேகமாக முன்னும் பின்னும் இழுத்தால் மடிப்பு தளருமா? உரசல்தான் மிச்சம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. உங்கள் மகன் வாங்கியது எந்த வகை என்று எழுதவில்லை. ஆன்லைனில் பரவலாகக் கிடைப்பதென்றால் அது இப்படி இருக்கும்: விரல்களின் முதுகில் மடிப்பு மடிப்பான ரப்பர் குழல்கள், ஒரு சின்னப் பெட்டிக்குள் காற்று பம்ப். காற்று ஏறினால் விரல்கள் மடங்கும், உறிஞ்சினால் நிமிரும். மணிக்கட்டில் ஒட்டுப்பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தப் பட்டை உட்காருகிற இடம் எது? நான் மேலே சொன்ன மடிப்பின் மேலேயே. சரி, தளர்வாகக் கட்டுகிறேன் என்று வையுங்கள். விரல்களை முழு முஷ்டியாக மடக்கும்போது உள்ளங்கையில் இருக்கிற புழு மாதிரியான சின்னத் தசைகள் நாண்களோடு சேர்ந்து அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே இழுபட்டு வருகின்றன. ஏற்கெனவே பத்து பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் இன்னும் நாலு பேர் ஏறுகிற கதை. பம்ப் ஒரு நிமிஷத்தில் பல தடவை இதைச் செய்யும். உங்களுக்கு வலித்தால் அதற்குத் தெரியாது. அதுவும் விரல் மரத்திருக்கிற, சுகர் உள்ள கையில் ரப்பர் உரசித் தோல் புண்ணானால்கூட உடனே தெரியாமல் போகலாம்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் இப்படி ஒரு கையுறையை விற்பனைக்காரர் ஒருவர் எங்கள் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு வைத்துவிட்டுப் போனார். பக்கவாத நோயாளிகள் ஆசையாகப் போட்டுக்கொண்டார்கள். அப்போது கார்ப்பல் டனலுக்காக வந்துகொண்டிருந்த பரோட்டா மாஸ்டர் ஒருவர், "எனக்கும் மாட்டி விடுங்க மேடம்" என்றார். எனக்கும் ஒரு ஆர்வம், மாட்டிவிட்டேன். கால் மணி நேரம். போட்டிருக்கும்போது மசாஜ் மாதிரி சுகமாக இருக்கிறது என்றார். மறுநாள் காலையில் வந்து, ராத்திரி வழக்கமாக ஒரு தடவை எழுவேன், நேற்று நாலு தடவை என்றார். ஒரு ஆளின் ஒரு ராத்திரி ஆராய்ச்சி ஆகிவிடாது. ஆனாலும் நான் செய்தது அவசரம். அன்றோடு நிறுத்தினேன்.

பேச்சோடு பேச்சாக: ஸ்பாஞ்ச் பந்தைப் பிசையச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதுவும் இதே கதைதான், வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் ரிப்போர்ட்டில் "மாடரேட்" என்று இருப்பது நல்ல நேரத்தில் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பொதுவாக லேசான கட்டத்தில் உணர்ச்சி நரம்பில் மட்டும் மின்னோட்டம் தாமதமாகும். மாடரேட்டில் தசைக்குப் போகிற இழைகளிலும் தாமதம் வந்திருக்கும். தீவிர கட்டத்தில் கட்டைவிரல் மேட்டுச் சதை கரையத் தொடங்கும். கரைந்துவிட்டால் அது திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகவே இன்றைக்கே ஒன்று பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில், கட்டைவிரல் அடி மேடு இரண்டும் ஒரே அளவு உப்பலாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வலது புறங்கையை மேசைமேல் வைத்து, கட்டைவிரலை நேராகக் கூரையைப் பார்த்துத் தூக்குங்கள். மகனை ஒரு விரலால் அதைக் கீழே அமுக்கச் சொல்லுங்கள். இடது கையிலும் அதையே செய்யுங்கள். வலது சுலபமாக விழுந்துவிட்டாலோ மேடு பள்ளமாகத் தெரிந்தாலோ, கீழே நான் எழுதியிருக்கிற ராத்திரிப் பட்டை, பயிற்சி எதற்கும் காத்திருக்காமல் நேராகக் கை அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

மேடு நன்றாக இருந்தால், முதல் மருந்து மணிக்கட்டுப் பட்டை. ஸ்பிளின்ட் என்பார்கள். மருந்துக் கடையிலும் சர்ஜிகல் கடையிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ராத்திரி படுக்கும்போது போட வேண்டும். இதில் பலரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. கடையில் விற்கிற பட்டைகள் பலவற்றில் உள்ளங்கைப் பக்கம் ஒரு உலோகத் தகடு இருக்கும். அது மணிக்கட்டைக் கொஞ்சம் பின்பக்கமாக வளைத்துப் பிடிக்கும்படி வளைந்திருக்கும். எலும்பு முறிவுக்கோ சுளுக்குக்கோ அது சரி. உங்களுக்கு வேண்டியது நேரான மணிக்கட்டு. பின்பக்கம் வளைத்தால் அழுத்தம் 110 என்று மேலே பார்த்தோமே. ஆகவே தகட்டை உறையிலிருந்து உருவி, மேசை விளிம்பில் வைத்து அமுக்கி நேராக்கிவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பட்டையைக் கட்டியபின் அதற்குள் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். விரல்கள் முழுக்க வெளியே அசைய வேண்டும். முதல் நாலைந்து நாள் எரிச்சலாக இருக்கும், தூக்கத்தில் கழற்றி எறிவீர்கள். பரவாயில்லை, திரும்பப் போடுங்கள். 6 வாரம் விடாமல் போட்டால்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். பகலில் மெஷினில் உட்காரும்போது போடாதீர்கள். பட்டையோடு மல்லுக்கட்டியே கை இன்னும் வலிக்கும்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி டாக்டர் பேசினால் பயப்பட வேண்டாம். பிரிட்டனில் ராத்திரிப் பட்டையையும் ஒரே ஒரு ஊசியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. 6 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கு நிவாரணம் அதிகம். 6 மாதத்தில் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது ஊசி சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் அதுவே முடிவு இல்லை. உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஊசிக்குப் பிறகு சில நாள் சுகர் ஏறும். டாக்டரிடம் சுகர் இருப்பதைச் சொல்லிவிட்டு, அந்த வாரம் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு மூன்று மாத சராசரி சுகர் டெஸ்டும் தைராய்டு டெஸ்டும் எடுக்கவில்லையென்றால் எடுங்கள். தைராய்டைக் கண்டுகொள்ளாமல் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் வீட்டைத் துடைக்கிற மாதிரி.

பயிற்சி என்றால் இதுதான், காசு செலவில்லை. கையை நேராக விரித்துப் பிடியுங்கள். விரல்களின் மேல் இரண்டு மூட்டுகளை மட்டும் மடக்கிக் கொக்கி மாதிரி ஆக்குங்கள். திரும்ப நேராக்குங்கள். அடி மூட்டை மட்டும் மடக்கி மேசைமாதிரி விரல்களை நீட்டுங்கள். திரும்ப நேர். கடைசியாக மெதுவான, இறுக்கமில்லாத முஷ்டி. ஒவ்வொன்றும் ஐந்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மதமதப்பு கூடினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நாண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் வழுக்குவதற்கு இது. பலத்துக்கான பயிற்சி என்று நினைத்துக் கூட்டிவிடாதீர்கள்.

எங்கள் தொழிலுக்கும் இதில் இடமுண்டு. 2015-ல் ஸ்பெயினில் இந்தத் தொந்தரவு உள்ள 120 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், இன்னொரு பாதிக்கு தெரபிஸ்டின் கையால் செய்யும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் ஒன்றாக மூன்றே தடவை, தடவைக்கு அரை மணி நேரம். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. மூன்று தடவை, வெறும் கை. அந்த சென்டர்காரர் சொன்ன 20 நாள் கணக்கை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை செய்கிற இடத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன், மிச்சம் உங்களுக்குத்தான் தெரியும். துணியைத் தள்ளும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று ஒரு நாள் கவனியுங்கள். ஸ்டூல் தாழ்வாக இருந்தால் முழங்கை கீழே போய் மணிக்கட்டு பின்னால் வளையும். ஒரு பலகையோ மடித்த துணியோ போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். பிசிறு வெட்டுகிற கத்தரி மொட்டையாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள், அது கட்டைவிரலைக் கொல்லும். பீஸ் ரேட்டில் இருப்பவரிடம் அடிக்கடி ஓய்வெடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பண்டல் மாற்றுகிற நேரத்திலாவது கையைத் தொங்கவிட்டு பத்து எண்ணுங்கள்.

ஆபரேஷன் பயம். 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் ராத்திரி விழிப்பு குறையவில்லை, அல்லது கட்டைவிரல் பலம் குறைகிறது என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அதில் செய்வது என்ன தெரியுமா? நாடா மடிப்பின் தையலைப் பிரித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். மேலே இருக்கிற அந்த விறைப்பான பட்டையை நீளவாக்கில் வெட்டிவிட்டால் உள்ளே இடம் கிடைக்கிறது. நரம்பைத் தொட்டு எதையும் வெட்டுவதில்லை. கையை மட்டும் மரக்க வைத்துச் செய்யலாம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்கு வரலாம். பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். ராத்திரி மதமதப்பு பலருக்கு முதல் சில நாட்களிலேயே விட்டுவிடும்.

கம்பெனியில் பயமுறுத்துகிறவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளங்கையின் அடியில், வெட்டிய இடத்துக்கு இரண்டு பக்கமும், ஊன்றினால் சுரீர் என்று ஒரு வலி இருக்கும். சில வாரம், சிலருக்குச் சில மாதம். பிடிமானமும் முதலில் குறைந்துதான் திரும்ப வரும். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் "கை போச்சு" என்றுதான் தோன்றும். இன்னொரு வகையும் உண்டு. மேட்டுச் சதை முழுக்கக் கரைந்தபின் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, பழையபடி ஆகவில்லையே என்று ஆபரேஷன் மேல் பழி போடுகிறவர்கள். அடிபட்ட நரம்பு இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி எத்தனை மில்லிமீட்டர் என்று டேப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

கம்பெனியில் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்தால் அங்கேயே காட்டுங்கள். சந்தாக் காலமான 6 மாதத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு வீட்டில் இருக்கிற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. ஓவர்லாக்கில் திரும்ப உட்கார ஆபரேஷனுக்குப் பிறகு 6 வாரம்கூட ஆகலாம், கூடுதலாகவும் ஆகலாம். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொண்டு போனால் பாதி பயம் போய்விடும்.

ஆபரேஷன் ஆனபிறகாவது ரோபோ உதவுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்போதும் தேவையில்லை. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த ஆபரேஷன் முடிந்த கையோடு தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று செய்ய வைக்கிற பயிற்சி, வீட்டில் தானே செய்கிற பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்றே இருக்கிறது. என் தொழிலின் வருமானத்தையே குறைக்கிற வாக்கியம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு பயந்துபோய் கையை அசைக்காமலே வைத்திருந்து விரல்கள் விறைத்துப் போனவர்கள் உண்டு. பக்கவாதம் வந்த கையிலேயே கார்ப்பல் டனலும் சேர்ந்துகொண்டவர்கள் உண்டு. சதை கரைந்து, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரவே மறந்துபோனவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு, எவ்வளவு தூரம் மடக்கலாம், எவ்வளவு வேகம் என்று கட்டுப்படுத்தக்கூடிய மெஷினை, பக்கத்தில் தெரபிஸ்ட் இருந்து பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரையில் விளையாட்டு மாதிரி வருவதால் சலிப்பில்லாமல் செய்வார்கள். ஆனால் அது இரண்டாம் கட்டம். நீங்கள் அங்கே இல்லை.

அந்த சென்டர்காரரிடம் சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "20 நாளுக்கு முன்னாலும் பின்னாலும் எதை அளந்து காட்டுவீர்கள்?" பிடிபலம் எத்தனை கிலோ, கட்டைவிரல்-ஆள்காட்டி கிள்ளுபலம் எவ்வளவு, மெல்லிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொட்டால் தெரிகிறதா, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு. இவற்றை அளக்கிறவர் என்றால் விஷயம் தெரிந்தவர்தான். அவரிடமே மெஷினை விட்டுவிட்டுப் பட்டையும் பயிற்சியும் சொல்லித்தரச் சொல்லுங்கள். "மெஷினே பார்த்துக்கும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகனைத் திட்டாதீர்கள், அம்மா ராத்திரி எழுந்து உட்காருவதைப் பார்த்து வாங்கியிருக்கிறான். பெட்டியையும் பில்லையும் எடுத்து வைத்துவிட்டு, திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்து, ராத்திரி எழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டு வாருங்கள். 6 வாரம் கழித்து அந்த நோட்டில் இருப்பதை எனக்கு எழுதுங்கள். கட்டைவிரல் மேட்டைப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதை மட்டும் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.